உள்ளிருந்து திறக்கும் மூடி

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பனி. எதிர் வீட்டு மொட்டை மாடி தெரியவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாக ஈரம். பொங்கல் லீவு முடிந்தது, நாளை ஃபேக்டரி.

மதியம் இவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கேட், கிரில் வேலையெல்லாம் ஓரமாகக் கிடக்கிறது. நடுவில் நீர்மூழ்கி. போன வருஷம் “தண்ணிக்குள்ள போற கப்பல் ஒண்ணு கட்டப்போறேன்” என்று இவர் சொன்னபோது சிரித்துவிட்டு மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது. மூடிப்போன ஏதோ ஒரு தோல் பதனிடும் டேனரியின் காற்றுத் தொட்டியைப் பழைய இரும்பு என்று எடுத்து, முன்னால் வட்டக் கண்ணாடி, பின்னால் விசிறி, இரண்டு பக்கமும் மிதப்பதற்குக் குழாய்கள், உச்சியில் ஒரு மூடி. கேட்டுக்கு அடித்து மீந்த பச்சை பெயிண்ட். பெயரும் வைத்தாயிற்று. கெண்டை.

கூட்டாளி இம்தியாஸ் பாய். இவருடைய பள்ளிக்கூடத்து தோஸ்த், தோல் கெமிக்கல் வியாபாரம். “மச்லினு வைக்கலாம்னேன் தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கேக்கல” என்று என்னிடம் புகார். இரண்டும் மீன்தான். பெயர்தான் அங்கே பெரிய பிரச்சினை போல.

நான் பார்த்தது மூடியை. ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்து, கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூடக் கண் முதலில் வெளியேறும் வழியைத்தான் தேடுகிறது.

“இதுக்குள்ள மாட்டிக்கிட்டா எப்டி வெளிய வருவீங்க?”

“மூடியத் திறந்து.”

“தண்ணிக்குள்ள இருக்கறப்ப திறக்காதே.”

“ஏன் திறக்காது? கீலு நானே போட்டது.”

பாய்: “ஜாம் ஆவாது தங்கச்சி. கிரீஸ் ஜாஸ்தியா வச்சிருக்கோம்.”

ஃபோனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூடிக்கு மேல் ஆள் உயரத் தண்ணீர் நின்றாலே அஞ்சாறு பேர் அதன்மேல் ஏறி நிற்கிற மாதிரி. இரண்டு மாடி ஆழம் என்றால் ஒரு காரை நிறுத்தி வைத்த மாதிரி. இவர் அந்தக் காரைக் கையால் தூக்கிக்கொண்டு வருவாரா?

“அதுக்கு இன்னாத்துக்கு மாட்டிக்கணும்?” என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.



ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. ஃபேக்டரியில் பேக்கிங் ஹால் எமர்ஜென்சி கதவை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர்: “ஷிப்மெண்ட் மேடம், ரெண்டே நாளு.” போன மாதமும் ரெண்டே நாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஃபோனில் படித்தேன். வெளிநாட்டில் இப்படி வீட்டிலேயே நீர்மூழ்கி கட்டும் பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒழுங்கான பைத்தியங்கள். எப்படிக் கட்டுவது என்பதைவிட எப்படித் தப்பிப்பது என்றுதான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தவரை: அடியில் ஒரு பெரிய எடை தொங்க வேண்டும், உள்ளிருந்து ஒரு பிடியைத் திருகினால் அது கழன்று விழ வேண்டும், கப்பல் தானாக மேலே வரும். அப்படியும் வராவிட்டால் தண்ணீரை நாமே உள்ளே விட வேண்டும். உள்ளே இருக்கிற காற்று நசுங்கி, வெளியே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு திருப்பி அழுத்தும். அப்போதுதான் மூடி திறக்கும். அதுவரை கை காலை அடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். அடக்கினால் நெஞ்சுக்குள் காற்று விரிந்து நுரையீரல் கிழியும்.

இரவு இவரிடம் சொன்னேன். அடியில் எடை, சரி. தண்ணீர் உள்ளே விட வால்வு என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“ஒரு சொட்டு உள்ள வரக்கூடாதுனு ஆறு மாசமா வெல்டிங் வச்சிருக்கேன். கப்பல்ல ஓட்டை போடச் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

வால்வு இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எதில் கையெழுத்து என்று கேட்டார். அது சரிதான். எதிலும் இல்லை. ஆனாலும் போட மாட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

தலைவலி. கேஸ் சிலிண்டர் வரவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் நேராக வீட்டுக்கு வந்தார். ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டுமாம், அப்புறம் தனக்குத் தெம்பு இருக்காதாம். இடமும் பார்த்தாயிற்று. பள்ளிகொண்டா தாண்டி உள்ளே ஒரு பழைய கல்குவாரி, பாய்க்குத் தெரிந்தவருடையது. இந்த மழைக்கு நிறைந்து கிடக்கிறதாம்.

உள்ளே போகப்போவது யார் என்று கேட்டேன். இவர்தான். பாய் மூடிக்குள் நுழைய மாட்டார். தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

பேச்சுவாக்கில்தான் கேட்டேன். “நீங்க எங்க நீச்சல் கத்துக்கிட்டீங்க?”

 பாய் கூரையைப் பார்த்தார்.

“எனக்கு நீச்சல் தெரியாது” என்றார் இவர். “தண்ணிக்குள்ள யாரு போறா? நான் இரும்புக்குள்ள போறேன்.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இன்றுதான் தெரிகிறது. பாலாற்றில் மணலைத் தவிர வேறென்ன பார்த்தோம், நீச்சல் பற்றிப் பேச்சு வர.

ஞாயிறு, திங்கள் சேர்ந்து லீவு வருகிறது. திமிரிக்குப் போகிறோம், தங்கை வீட்டுக் கிணற்றுக்கு. வேண்டாமென்றால் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போகிறேன் என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

திமிரி. நல்ல வெயில். வேர்க்கடலைக்கு மருந்து அடிக்கிற வாசனை.

நான் சின்ன வயதில் குதித்த அதே கிணறு. இவர் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது நேற்று முழுக்க. முதுகில் எண்ணெய் கேனைக் கட்டி இறக்கினால், கேனைத்தான் நம்புகிறார், கையை அசைப்பதில்லை. ஆகாயத்தைப் பார்த்தபடி மிதக்கிறார். தங்கை வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, காலு, காலு அடிங்க” என்று தொண்டை கட்டிப்போனார். பக்கத்து நிலத்துப் பெண்கள் களை எடுப்பதை விட்டுவிட்டு வேடிக்கை.

இன்று கேனைக் கழற்றிவிட்டேன், கேட்காமல். திட்டினார். மூன்று நிலம் தாண்டிக் கேட்கும்படி திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வந்துவிட்டார். வாயைத் திறந்து கத்திக்கொண்டே வந்தால் மூழ்க மாட்டார் என்று தெரிந்தது. மேலே வரும்போது மூச்சை விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பஸ்ஸில் ஆற்காடு வரை தோளில் சாய்ந்து தூங்கினார். காதிலிருந்து தண்ணீர் என் புடவையில்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலி கப்பல் சோதனை. இதற்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் சண்டை. “ஆளில்லாம முக்கிப் பாத்தா எனக்கு எப்டித் தெரியும், உள்ள எப்டி இருக்குனு?” ஆள் இருந்து தெரிந்துகொள்வதை நான் விரும்பவில்லை என்றேன்.

குவாரியை முதல் தடவை பார்த்தேன். மலையை அரை வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் அகலமான கல் படி ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது, அதற்கப்புறம் ஒரேயடியாகப் பள்ளம். தண்ணீர் பாசிப் பச்சை. அழகாகத்தான் இருக்கிறது. அதுவே எரிச்சல்.

பாய் ஏற்பாடு செய்த கிரேன் கப்பலைத் தூக்கி இறக்கியது. உள்ளே ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகள். தேநீர் குடித்து முடிக்கும்வரை அடியில் விட்டு மேலே எடுத்தோம். மூடியைத் திறந்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் சரியாக உட்காரவில்லை.

“உள்ள நீங்க இருந்திருந்தா?”

“துடைச்சிருப்பேன்.”

அடி எடையைக் கழற்றும் பிடியையும் சோதித்தோம். பட்டறையில் சும்மா நின்றபோது சுலபமாகக் கழன்றது. கிரேனில் கப்பல் கொஞ்சம் சாய்ந்து தொங்கியபோது அசையவே இல்லை. பாய் மூடி வழியாகக் கையை விட்டு முழு பலத்தோடு திருகினார், கை சிவந்ததுதான் மிச்சம். சாய்ந்த கப்பலில்தானே அது தேவைப்படும்?

 நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது இன்று நான் செய்த பெரிய காரியம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஃபேக்டரியில் ஃபயர் டிரில். கட்டிங் பிரிவுப் பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பேக்கிங் ஹால் கதவு இன்னும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால். ரெண்டே நாளு மேடம்.

அரை நாள் லீவு போட்டு வேலூர். ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் சுண்ணாம்பு உருண்டை வாங்கினேன். மயக்கம் கொடுக்கிற கருவியில் போடுவது. நாம் விடுகிற கெட்ட காற்றை அது உறிஞ்சும், தீர்ந்தால் ஊதா நிறமாகிவிடும். கடைக்காரர், “எந்த ஆஸ்பத்திரிங்க?” என்றார். நீர்மூழ்கி என்றேன். பில்லைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

இதற்கும் வாக்குவாதம். “அரை மணி நேரத்துக்கு இன்னாத்துக்குக் காத்து?” இந்த ஊரில் இப்படிக் கேட்கலாமா? டேனரிக் கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்கி, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி, இரண்டு பேரையும் துணி போர்த்திக் கொண்டுவந்ததை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். மூடின இடம் என்றால் வெளியே ஒருவர், கையில் கயிறு, காற்று அளக்கிற கருவி. தொட்டிக்கு உள்ள சட்டம் கப்பலுக்கும்தான்.

அதைச் சொன்னபோது மட்டும் இவர் எதிர்த்துப் பேசவில்லை. போய் வால்வைக் காட்டினார். போட்டுவிட்டார். பித்தளை, கையடக்கம், சிவப்பு பெயிண்ட் அடித்து. என்னிடம் சொல்லவே இல்லை. எடை கழற்றும் பிடியையும் மாற்றிவிட்டார், எந்தப் பக்கம் சாய்த்தாலும் விழுகிறது.

முன்னமே செய்திருந்தால் என் ரத்த அழுத்தம் மிச்சம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தோள் வலிக்கிறது, எழுத முடியவில்லை. ஆனால் எழுத வேண்டும்.

குவாரிப் படியில் கப்பலை வைத்து, மூடிக்கு மேல் ஒரு கை நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி கிரேன் பிடித்துக்கொள்ள, தப்பிக்கிற பயிற்சி. முதலில் நான். நானே போகிறேன் என்றதும் இவருக்கு முகம் மாறிவிட்டது.

“நீ எதுக்கு?”

“நான் செஞ்சு பாக்காததை உங்களைச் செய்யச் சொல்ல மாட்டேன்.”

“வேணாம் கலா. கேளு. வேணாம்.”

அவருக்கு மட்டும் ஆபத்தே இல்லையாம், நான் போனால் மட்டும் ஆபத்தாம். இவருடைய டிராக் பேண்ட், சட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மூடி மூடியதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றது. என் மூச்சு மட்டும். பச்சை வெளிச்சம். முட்டி கண்ணாடியில் இடிக்கிறது. மூடியை முதலில் தள்ளிப் பார்த்தேன், வேண்டுமென்றே. சுவரைத் தள்ளுகிற மாதிரி. அப்போதுதான் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. ஃபோனில் எண் போட்டுக் காட்டியவள் நான்தான், ஆனாலும் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

வால்வைத் திறந்தேன். குழாயடியில் குடம் நிறைகிற சத்தம். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன். தண்ணீர் காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆழம் குறைவு, அவ்வளவுதான் வேண்டும். காத்திருப்பதுதான் கஷ்டம். கை தானாக மேலே போகிறது. சத்தம் அடங்கியதும் தள்ளினேன், திறந்தது. காற்று ஒரே மூச்சில் வெளியே போக, தண்ணீர் தலைமேல் கொட்டியது. தோளை விளிம்பில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார், செருப்போடு.  என் தலையிலிருந்த பாசியை எடுத்தார்.

அடுத்து இவர். முதல் தடவை வால்வைத் தொடவே இல்லை. மூடியைக் குத்துகிற சத்தம் வெளியே கேட்டது. கிரேனைத் தூக்கச் சொன்னேன். “மறக்கல. கை தானா மேல போய்டுச்சு” என்றார். உதடு வெளுத்திருந்தது. எனக்குத் தெரியும் என்றேன். இரண்டாவது தடவை தண்ணீர் குடித்து, இருமி, பாயைத் திட்டினார். மூன்றாவது சரி. அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை. அதுவும் சரி.

பாய்: “போதும் தங்கச்சி, பேஜாரு பண்ணாத, பசிக்குது.”

பிரியாணி ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பால் திரிந்துபோனது.

பாயின் மனைவி ரஷீதா ஃபோன். “எங்க வீட்டுல இவரு தூக்கத்துல மோட்டாரு ஓட்றாரு கலா. நீயாவது நிறுத்தக் கூடாதா?” நிறுத்துவதா? நான்தான் எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பி வைக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஏன் இதைக் கட்டினீர்கள் என்று இன்று கேட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ள.

“உள்ள எப்டி இருக்கும்னு பாக்கணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ பாத்துட்ட. நான் வால்வத்தான் பாத்தேன்” என்றார். பொறாமை மாதிரி இருந்தது குரலில். கால் மணி நேரம் படியில் உட்கார்ந்து பாசி பார்த்ததற்குப் பொறாமை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இவர் தூங்குகிறார். எழுதிவிடுகிறேன்.

காலையில் காற்றே இல்லை. எல்லாம் இருந்தது. கிரேன், கயிறு, டியூப் கட்டிய பலகையில் நான், வீட்டு வாசலில் மாட்டுகிற இண்டர்காம் ஒன்றை வயர் நீட்டிப் பொருத்தி அதன் ஒரு முனை என் கையில். பாய் கரையில் கயிறோடு. இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இறங்கினார். குமிழிகள். பச்சை மங்கி மங்கி மறைந்தது.

இண்டர்காமில் மூச்சு சத்தம். அப்புறம், “கலா, இங்க ஒரு மரம் இருக்கு.”

“இன்னா மரம்?”

“தெரியல. முழு மரம். நின்னுக்கிட்டு இருக்குது. கிளைக்குள்ள மீனு போவுது.”

எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

கொஞ்ச நேரத்தில், “பின்னால இன்னாவோ பிடிக்குது.” மோட்டாரை நிறுத்துங்கள் என்றேன். அதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். கிரீச்சென்ற சத்தம் எனக்கே கேட்டது.

எடையை விடச் சொன்னேன். “விட்டாச்சு.” மூக்குப் பக்கம் தூக்கியதாகச் சொன்னார், வால் அசையவில்லை. கிரேன் கை அந்த இடம் வரை எட்டாது. பாயும் கிரேன் டிரைவரும் கயிற்றை இழுத்தார்கள். “இழுக்காதீங்க, ஜாஸ்தியா சாயுது” என்று உள்ளிருந்து. நிறுத்தினோம்.

காற்று இருக்கிறதா, சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கிறதா என்று கேட்டேன், வெள்ளைதான் என்றார். அப்படியென்றால் அவசரம் இல்லை, யோசிக்கலாம் என்றேன். பாய் கரையில் ஃபயர் சர்வீசுக்கு ஃபோன் போட்டு, வழி சொல்லத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

“கலா.”

“சொல்லுங்க.”

“தண்ணி வருது. பின்னால, தண்டு போற ஓட்டைல. கம்மியாத்தான் வருது.”

விசிறித் தண்டு வளைந்திருக்கிறது. கம்மி கம்மியாகவே இருக்காது. யாருக்கும் காத்திருக்க முடியாது என்று அப்போது தெரிந்தது.

என் குரல் ஃபேக்டரி டிரில் குரலாக மாறிவிட்டது, நான் மாற்றவில்லை. பேட்டரி ஸ்விட்சை அணைங்க. நீச்சல் கண்ணாடி மாட்டுங்க. பெல்ட்டைக் கழட்டுங்க. சிவப்பு வால்வை முழுசாத் திறங்க. மூக்கைப் பிடிச்சு ஊதுங்க. ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். பிள்ளை மாதிரி.

“தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. நிக்கல.”

“நெஞ்சு வரைக்கும் வரும். படியில நின்ன மாதிரி இங்க நிக்காது. ஆழம் ஜாஸ்தி. நான் சொல்ற வரைக்கும் மூடியத் தொடாதீங்க.”

“காது வலிக்குது.”

“ஊதுங்க.”

“இருக்கற இடத்துலயே இரு, எங்கயும் போவாத” என்றார். நான் எங்கே போவேன், பலகையில் உட்கார்ந்துகொண்டு.

“சத்தம் நின்னுச்சா?”

“குறையுது.”

“நின்னதும் தள்ளுங்க. கத்திக்கிட்டே வாங்க. திமிரிக் கெணத்துல என்னைத் திட்டினீங்களே, அந்த மாதிரி.”

கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் இண்டர்காம் செத்துவிட்டது.

தண்ணீர் அப்படியே இருந்தது. கண்ணாடி மாதிரி. கரையில் பாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் ஓதவில்லை, ஒன்றுமே தோன்றவில்லை, தண்ணீரைத் திட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகு பலகைக்குப் பக்கத்தில் தண்ணீர் பானை கொதிப்பதுபோலப் பெரிதாகப் பொங்கியது. காற்று. மூடி திறந்துவிட்டது. ஆளைக் காணோம். திறந்தாயிற்று, ஏன் ஆளைக் காணோம்?

வேறு இடத்தில், எதிர்ப்பக்கத்தில், வந்தார். வாய் முழுக்கத் திறந்து, குரல் உடைந்து, ஏதோ கத்திக்கொண்டே. மூக்கில் ரத்தம். பலகையைக் கையால் துழாவிக்கொண்டு போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தேன். பொத்தான் தெறித்தது, பிடி விடவில்லை.

முதலில் சொன்னது: “கெண்டை கீழயே நின்னுடுச்சு.”

அறைந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஈரக் கன்னத்தில், பலமாக இல்லை. பாய் கரையில் திரும்பிக்கொண்டார்.

வேலூர் எமர்ஜென்சி. காது ஜவ்வில் ரத்தக்கட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது. இளம் டாக்டர் பெண், “எங்க டைவ் பண்ணீங்க, அந்தமானா?” என்றாள். பள்ளிகொண்டா என்றோம்.

பிப்ரவரி 16, திங்கள்

ஃபேக்டரி போனேன். லீவு போட்டிருக்கலாம். போனதும் பேக்கிங் ஹாலுக்குப் போய் எமர்ஜென்சி கதவை மறைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேனேஜர் கேபின் வாசலில் அடுக்கினேன். புடவையைச் சொருகிக்கொண்டு. பாதிக்கு மேல் பேக்கிங் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் வெளியே வர முடியவில்லை. கதவைத் தட்டினார்.

“ரெண்டே நாளு சார்” என்றேன்.

மெமோ வரும். வரட்டும்.

பிப்ரவரி 21, சனி

நோன்பு தொடங்கிவிட்டது. பாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்று, வேலூரிலிருந்து முக்குளிக்கிற இரண்டு பேரையும் பெரிய கிரேனையும் கொண்டுவந்து கெண்டையை எடுத்துவிட்டார். நானும் போனேன். இவர் வரவில்லை. காது வலி என்றார்.

விசிறியில் பழைய இரும்புக் கயிறு, கை தடிமன், துருப்பிடித்தது. கல் தூக்கிய காலத்தில் அறுந்து விழுந்ததாக இருக்கும். விசிறியைச் சுற்றிப் பின்னி, தண்டையே வளைத்திருக்கிறது. அடி எடை ஒழுங்காகக் கழன்றுதான் விழுந்திருக்கிறது. கயிறு மட்டும் இல்லாவிட்டால் கப்பல் தானாக மேலே வந்திருக்கும்.

இரும்பை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தோம். குவாரியின் அடியில் என்ன கிடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

பாய் கெண்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, “ஓட்டை போடச் சொன்னியே தங்கச்சி” என்றார்.   பிறகு அடுத்ததில் விசிறிக்குக் கூண்டு போட வேண்டும் என்றார். அடுத்ததா? பாயின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெயில். வடகம் போடலாம்.

இவர் பட்டறைக்குப் போய் ஒரு வாரம். கெண்டையைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பதாகச் சொன்னேன், “சரி” என்றார். அதைப் பற்றிப் பேசினால் திட்டலாம் என்று தயாராக இருக்கிறேன், பேச மாட்டேன் என்கிறார். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு தடவை சொன்னார், பால்காரரிடம்.

காலையில் குளிக்கப் போனவர் பாத்ரூம் கதவைச் சாத்தவில்லை. நேற்றும் சாத்தவில்லை, கூடமெல்லாம் ஈரம், வழுக்கப் பார்த்தது. கதவைச் சாத்துங்கள் என்று கத்தப் போனேன். சந்து வழியாகப் பார்த்தால் ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்.

 காய்ந்த துணியை எடுத்துவந்து பாத்ரூம் வாசலருகே தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன்.

தண்ணீர் சத்தம் நின்றது.

“கலா, இருக்கியா?”

“இருக்கேன். ஊத்துங்க.”